புருனோவுக்கு எதை மெல்லக் கொடுப்பது

சுங்கை சிப்புட்
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டிவலி முன்பைவிடத் தேவலை. நீ நேரத்துக்குப் பசியாறுகிறாயா என்பதுதான் எனக்குக் கவலை.

அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நீ ஜொகூர் பாலத்து நெரிசலில் நின்றுகொண்டிருந்தாய், பின்னால் ஒரே மோட்டார் சத்தம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மெல்லுவதற்கு எதைக் கொடுத்தாலும் உன் நாய் புருனோ பத்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறான், ரொம்ப நேரம் தாங்குகிற மாதிரி என்ன வாங்கலாம் என்று கேட்டாய். பிறகு அவனுக்கு நீ வாங்கிய அந்த மான் கொம்பின் படத்தையும் அனுப்பினாய். மாதக்கணக்கில் தேயாது என்று கடைக்காரர் சொன்னாராம்.

தம்பி, அதை இன்றைக்கே எடுத்து ஒளித்து வைத்துவிடு.

நம் பழைய நாய் டைகருக்குப் பல் போன கதை உனக்குப் பாதிதான் தெரியும். நீ அப்போது விடுதியில் தங்கி ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாய். சனிக்கிழமைதோறும் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் சூப் கடைக்காரரிடம் சொல்லிவைத்து அப்பா ஒரு பெரிய எலும்பு வாங்கி வருவார். நம் வீட்டில் மாடு சேர்ப்பதில்லை என்பதால் வெளியே மாமரத்தடியில் வைத்துத்தான் கொடுப்பேன். ராத்திரி முழுக்கக் கடக் கடக்கென்று சத்தம் வரும். வாயில்லாப் பிள்ளை ஆசையாக மெல்லுகிறது என்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

கொஞ்ச நாளில் சோற்றை ஒரு பக்கமாகவே மெல்ல ஆரம்பித்தான். பிறகு இடது கண்ணுக்குக் கீழே வீங்கியது. குளவி கொட்டியிருக்கும் என்று மஞ்சளை அரைத்துப் பூசினேன். வீக்கம் உடைந்து சீழ் வடிந்த பிறகுதான் ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே டாக்டரம்மா அவன் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். மேல் வரிசையில், கன்னத்துப் பக்கம், கீழ்ப்பல்லோடு உரசிக் கத்தரி மாதிரி வெட்டுகிற பெரிய பல் ஒன்று இருக்கிறது. வளர்ந்த நாய்க்கு 42 பற்கள் என்றாலும் கெட்டியான சாமானைக் கடிக்கும்போது பாரம் இறங்குவது இந்தப் பல் மேல்தான். டைகருக்கு அது விறகில் சிராய் பெயர்ந்த மாதிரி ஒரு பக்கம் அப்படியே உரிந்து, உள்ளே நரம்பு தெரிந்தது. வேரில் பிடித்த சீழ்தான் கண்ணுக்குக் கீழே வந்து உடைந்திருக்கிறது. மூன்று வேர் உள்ள பல், மயக்கம் கொடுத்துத்தான் பிடுங்கினார்கள்.

அத்தனை நாளும் அவன் ஒரு தடவைகூட முனகவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு தட்டுக்கு முன்னால் வந்து நின்றான். வலியோடு இருக்கும் நாயும் சாப்பிடும், விளையாடும், அதனால் வீட்டாருக்குத் தெரியாமலே போய்விடும் என்றார் டாக்டரம்மா. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்த எலும்பை என் கையால்தானே வைத்தேன்.

அவர் சொல்லிக்கொடுத்த வழியைத்தான் உனக்கும் சொல்கிறேன். வாங்குவதற்கு முன் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார். கொஞ்சமாவது பதிய வேண்டும். பதியவில்லை என்றால் அது பல்லை உடைக்கிற அளவு கெட்டி, வேண்டாம். மான் கொம்பிலும் மாட்டுக் குளம்பிலும் பதியாது. கெட்டி நைலானில் செய்த எலும்பிலும் பதியாது. சமைத்த எலும்பு இன்னும் மோசம், சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். நேபாளத்துப் பக்கம் பாலைத் திரித்து, அழுத்தி, மாதக்கணக்கில் உலர்த்திச் செய்கிற சுர்ப்பி என்ற பாலாடைக்கட்டியை இப்போது நாய்க்கென்றே விற்கிறார்களாம். உன் தங்கச்சி கைப்பேசியில் காட்டினாள். பொருள் நல்லதுதான், ஆனால் பல துண்டுகள் கல் மாதிரி இருக்குமாம். அதற்கும் நகம்தான் கணக்கு.

புருனோ 38 கிலோ அல்சேஷன். அவன் தாடைக்கு முன்னால் எதுவும் நிற்காது என்று நீ பெருமையாகச் சொல்கிறாய். அந்தத் தாடையின் வேகம்தான் அவன் பல்லுக்கே எதிரி.

நீ கேட்டதைத் திரும்பத் திரும்ப யோசித்தேன். விடியற்காலை நாலரைக்குக் கதவைப் பூட்டுகிறாய், திரும்பி வர ராத்திரி ஏழு எட்டு ஆகிறது. அதுவரை அவன் வாய்க்கு வேலை இருக்க வேண்டும், தனிமை தெரியக்கூடாது என்பதுதான் உன் மனசில் இருக்கிறது. ஆனால் ரொம்ப நேரம் மென்று தின்கிற தீனி எல்லாமே ஆள் பக்கத்தில் இருக்கும்போது கொடுக்க வேண்டியவை. மென்று மென்று கடைசியில் ஒரு முனை மிஞ்சும். பெரிய நாய் அதை மெல்லாது, அப்படியே விழுங்கும். தொண்டையில் அடைத்தால் எடுக்க ஆள் வேண்டாமா? நீ அந்த நேரம் சிங்கப்பூரில் வேலையில் இருப்பாய்.

முடிச்சுப் போட்ட வெள்ளை எலும்பு என்று கடைகளில் தொங்குகிறதே, அது எலும்பு இல்லை, மாட்டுத் தோல். தோல் பதனிடும் இடத்தில் மேல்தோலைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற உள்பக்கம். ஊறினால் வழவழவென்று ஆகிவிடும், பெரிய துண்டாகப் பிய்த்து விழுங்குவான், வயிற்றுக்குள் போய் உப்பும். உன் பாட்டி இருந்திருந்தால் மாட்டுத் தோல் என்றதுமே வாசலில் நிறுத்தியிருப்பார். நான் வேண்டாம் என்பது அந்த அடைப்புக்குப் பயந்துதான்.

புல்லி ஸ்டிக் என்பது காளை மாட்டின் குறியை உலர்த்தியது. அதுவும் மாடுதான். ஆனாலும் நாய் சாப்பிடுவது நாயின் தர்மம். சாமி அறைப் பக்கம் கொண்டுபோகாமல் வெளியே வைத்துக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள், எனக்கு மனத்தாங்கல் இல்லை. அது கடிக்க இசைந்து கொடுக்கும், வயிற்றிலும் செரிக்கும். ஆனால் கலோரியைக் கணக்குப் பார்க்காமல் கொடுக்கக்கூடாது. 2013-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் ஒரு அங்குலத்துக்கு 9 முதல் 22 கலோரி வரை இருந்ததாம். குடும்பக்கட்டுப்பாடு செய்த 38 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,700 கலோரி போதும். தீனி எல்லாம் சேர்த்து அதில் பத்தில் ஒரு பங்கு, 170-ஐத் தாண்டக்கூடாது. ஆறு அங்குலக் குச்சி ஒன்றே 130 வரை போய்விடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் பிறகு ஒன்று கொடு. நீயும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார். உன் உள்ளங்கை அகலத்துக்குக் குறைந்ததும் அவனிடமிருந்து வாங்கிவிடு. பிடுங்காதே, ஒரு துண்டு கோழியை நீட்டினால் அவனே விட்டுவிடுவான். பிடுங்கிப் பழக்கினால் அடுத்த தடவை உறுமுவான்.

பன்றிக் காது வேண்டவே வேண்டாம். கொழுப்பு அதிகம். 2019-ல் அமெரிக்காவில் அதைத் தொட்ட மனிதர்களுக்கே சால்மொனெல்லா கிருமி பரவி, கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக், உன்னோடு எவ்வளவு அன்பாக இருக்கிறார். வேலி ஓரத்தில் அது கிடந்தால் அவருக்குச் சங்கடம்.

சரி, தனியாக இருக்கும்போது என்ன கொடுப்பது? ரப்பர்தான் ஐயா.

இருபத்திரண்டு வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டின கை இது. தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் நாய்க்குட்டிகள் மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலை இழுத்துக்கொண்டுபோய் மணிக்கணக்கில் மெல்லும். குடலில் சிக்கும் என்று விரட்டிப்போய்ப் பிடுங்குவோம். ஆனால் பல்லுக்கு அது எவ்வளவு இதமாக இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. கடித்தால் அமுங்கும், விட்டால் நிமிரும். கோங் என்ற ரப்பர் பொம்மை பிறந்ததும் இப்படித்தான். அமெரிக்காவில் ஜோ மார்க்கம் என்பவர் வளர்த்த ஃபிரிட்ஸ் என்ற அல்சேஷன் கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் தன் ஃபோக்ஸ்வேகன் வேனைப் பழுது பார்த்தபோது கழற்றிப் போட்ட ரப்பர்த் துண்டு ஒன்றை அது கவ்வியது, பிறகு விடவே இல்லை. அதைப் பார்த்து 1976-ல் இயற்கை ரப்பரில் செய்ய ஆரம்பித்தார். விக்கம் என்ற வெள்ளைக்காரத் துரை பிரேசிலிலிருந்து ரப்பர் விதையைக் கப்பலேற்றியது 1876-ல். சரியாக நூறு வருஷம். அந்த விதையில் முளைத்த கன்றுகளில் சில 1877-ல் நம் பக்கத்துக் கோலகங்சாருக்கு வந்தன. அதில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது, உன்னைச் சின்ன வயசில் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். மங்கு மங்காகச் சேர்த்த பால் எங்கெங்கோ டயராகப் போனது என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். ஒரு நாயின் வாய்க்கு ஆறுதலாகவும் போயிருக்கிறது என்று கேட்டபோது மனசு நிறைந்தது.

சிவப்பு சாதாரண நாய்க்கு. வேகமாகக் கடிக்கிறவனுக்குக் கறுப்பு, அதுதான் கெட்டி ரப்பர். அப்போதும் நகம் பதிகிறதா என்று பார்த்துக்கொள். கடைவாய்க்குள் முழுசாகப் போகாத அளவு வாங்கு, சந்தேகம் என்றால் ஒரு அளவு பெரிசாகவே எடு. எந்தப் பொம்மை வாங்கினாலும் இரண்டு பக்கமும் ஓட்டை இருக்க வேண்டும். ஒரே ஓட்டை உள்ளதில் நாக்கு உள்ளே போய்க் காற்று இழுத்துப் பிடித்து மாட்டிக்கொண்ட நாய்கள் உண்டு.

அதன் உள்ளே கடலை வெண்ணெய் என்று தேடாதே. சில டப்பாக்களில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், நாய்க்கு அது விஷம். அவனுடைய காலைச் சாப்பாட்டையே எடுத்து அதில் அடை. சோறு, எலும்பு நீக்கிய அவித்த கோழி, மசித்த பூசணிக்காய், மேலே ஒரு கரண்டி புளிக்காத தயிர். உப்பும் வெங்காயமும் சேரக்கூடாது. ராத்திரியே உறையவைத்துவிடு. உறைந்ததை நக்கி நக்கி எடுக்க வெகு நேரம் ஆகும், நக்கினாலே அவன் மனசு அடங்கும். இரண்டு வாங்கிக்கொண்டால் ஒன்று கழுவிக் காயும்போது இன்னொன்று உறையும். எறும்பு வரும், அதனால் மெழுகுத்துணி விரித்து அதன் மேல் கொடு. வந்ததும் சின்ன பிரஷ் போட்டு உள்ளே தேய்த்துக் கழுவு, நம் ஊர் ஈரத்துக்கு ஒரே நாளில் நாறிவிடும். ரப்பர் பிய்ந்து துண்டு வர ஆரம்பித்தால் தூக்கிப்போடு, காசைப் பார்க்காதே. முதல் இரண்டு மூன்று தடவை நீ வீட்டில் இருக்கும் நாளில் கொடுத்து, பிய்க்கிறானா என்று பார்த்த பிறகு தனியாக விடு.

இதுவும் பதினைந்து மணி நேரத்துக்கு வராது தம்பி. எதுவும் வராது. மத்தியானம் ஒருத்தர் வந்து கதவைத் திறந்து, அவனை நடத்திக் கூட்டிவந்து, இரண்டாவதைக் கொடுக்கட்டும். எதிர்வீட்டுப் பெரியவர் ஓய்வில்தானே இருக்கிறார், கேட்டுப் பார். மாதம் இவ்வளவு என்று பேசிக்கொள், சும்மா வாங்கிக்கொள்ளாதே.

சோளத் தக்கை, மாங்கொட்டை, தேங்காய் மட்டை எதையும் மெல்ல விடாதே. இங்கே தோட்டத்தில் நாய்க்குட்டிக்கு மட்டையை உருட்டி விடுவோம், அதன் நார் குடலில் சுருண்டுகொள்ளும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. இன்னொன்று. நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்வது உண்டு. வாந்தி எடுக்க முக்கியும் எதுவும் வராமல், எச்சில் ஒழுகி, வயிறு மத்தளம் மாதிரி விறைத்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே. ராத்திரியும் திறந்திருக்கிற கால்நடை மருத்துவமனையின் எண்ணை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டி வை, எதிர்வீட்டுப் பெரியவரிடமும் கொடு.

சர்க்கரைவள்ளிக்கிழங்கை விரல் தடிமனில் நீளவாக்கில் நறுக்கி, அடுப்பில் 120 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்து எடுத்திருக்கிறேன். வளைத்தால் வளையும், ஒடியாது. பஸ்ஸில் அனுப்புகிறேன், வந்ததும் ஐஸ்பெட்டியில் வை. ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் நீ வீட்டில் இருக்கும்போது.

அடுத்த ஞாயிறு வீடியோவில் கூப்பிடு. அவன் மேலுதட்டை மெதுவாகத் தூக்கி, இரண்டு பக்கமும் அந்தப் பெரிய பல்லை வெளிச்சத்தில் காட்டு. மான் கொம்பு எத்தனை நாள் அவன் வாயில் இருந்தது என்று நீ சொல்லவே இல்லை. எனக்குப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா