கடல்சாமியின் கோபம் பற்றி முரளிக்கு

அன்புள்ள முரளி,

உன் மெயிலுக்குப் பதிலே போடாமல் இருந்ததற்கு என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய், திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பெண் கல்யாணத்துக்கு நீ வரவில்லை என்று நெட்டையன் இன்னும் முறைத்துக்கொண்டு திரிகிறான், அது உன் பாடு, அவன் பாடு.

விஷயத்துக்கு வருகிறேன். ஹோமரின் கிரேக்க காவியம் ஒடிசியை முழுசாகப் படித்து முடித்துவிட்டேன், 24 காண்டமும். சிரிக்காதே. ஹாஸ்டல் மொட்டைமாடியில் இந்தக் கதையை நீ சொல்லும்போதெல்லாம் கடலில் எது நடந்தாலும் கடல்சாமி போசைடன் தலையில்தான் போடுவாய். புயலா, போசைடன். கப்பல் உடைந்ததா, போசைடன். படித்துப் பார்த்தால் அந்த ஆள் நேரில் தலைகாட்டுவதே அபூர்வமடா! ட்ராய் போர் முடிந்து கதாநாயகன் ஒடிசியஸ் ஊருக்குக் கிளம்பியது 12 கப்பலோடு. அதில் 11 கப்பலைப் பாறாங்கல்லை எறிந்தே நொறுக்கியவர்கள் லெஸ்ட்ரிகோனிய ராட்சதர்கள். மிச்சமிருந்த ஒன்றும் போனது தேவராஜன் ஸியூஸின் இடியில், அதுவும் ஆட்கள் பசி தாங்காமல் சூரியதேவனின் மாடுகளை அடித்துத் தின்றதால். போசைடன் அந்தப் பக்கமே வரவில்லை.

ஆனாலும் கதை முழுக்க அவன் கோபம்தான் விரவிக் கிடக்கிறது. முதல் காண்டத்தையே பார். அவன் எங்கேயோ தூரத்தில் எத்தியோப்பியர்கள் வைத்த காளையும் ஆட்டுக்கிடாவும் பலியிடும் விருந்துக்குப் போயிருக்கிறான், அந்த நேரம் பார்த்துத்தான் மற்ற தேவர்கள் கூடி ஒடிசியஸை வீட்டுக்கு அனுப்பலாம் என்று பேசவே துணிகிறார்கள். கோபக்கார மேனேஜர் லீவில் போன அன்றைக்குத்தானே ஆபீஸில் ஃபைல் நகரும்!

கோபத்துக்குக் காரணம் உனக்குத் தெரிந்ததுதான், பாலிஃபீமஸ். குகைக்குள் வந்தவர்களில் ஆறு பேரைத் தின்ற ஒற்றைக்கண்ணன், போசைடனின் மகன். என் பெயர் 'யாருமில்லை' என்று சொல்லி, அவன் கண்ணைக் குத்திவிட்டுத் தப்பிய ஒடிசியஸ், கப்பலேறியதும் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். கூட இருந்தவர்கள் கெஞ்சியும் கேட்காமல் தன் பெயர், அப்பன் பெயர், ஊர் எல்லாவற்றையும் கத்திச் சொல்கிறான். சாபம் விடுவதற்கு வேண்டிய முழு விலாசத்தையும் தானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிற்று. பாலிஃபீமஸ் அப்பனிடம் கேட்பதும் கவனமான வரம்தான்: இவன் ஊர் போய்ச் சேரவே கூடாது, சேர்ந்தே ஆக வேண்டும் என்று விதி இருந்தால் தாமதமாக, கூட்டாளிகளை எல்லாம் இழந்து, அடுத்தவன் கப்பலில் போய்ச் சேரட்டும், வீட்டிலும் தொல்லை காத்திருக்கட்டும். ஒன்று விடாமல் பலித்தது, பாதிக்கு மேல் மற்றவர்கள் கையால்.

போசைடன் நேரில் வருவது ஐந்தாம் காண்டத்தில். விருந்து முடிந்து திரும்புகிறான், சோலிமி மலைமேலிருந்து பார்த்தால் கடலில் தனியாக ஒரு கட்டுமரம். தலையை ஆட்டித் தனக்குத்தானே புலம்புகிறான், 'நான் இல்லாத சமயம் பார்த்து முடிவை மாற்றிவிட்டார்கள்' என்று. ஃபேயேசியர்கள் என்கிற ஜனங்களின் கரை பக்கத்தில் இருப்பதும், அங்கே இவன் பிழைத்துக்கொள்வான் என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் சூலத்தைக் கையில் எடுக்கிறான், போகிற வரைக்குமாவது படட்டும் என்று. எனக்கு அங்கே உடம்பு சிலிர்த்தது. பாய்மரம் முறிகிறது, இனோ என்கிற கடல்தேவதை வந்து, இந்த முக்காட்டை மார்பில் கட்டிக்கொண்டு நீந்திப் போ என்கிறாள். நம்ம ஆள் அப்போதும் நம்பவில்லை! இதுவும் ஏதாவது சூழ்ச்சியாக இருக்கும், மரம் தாங்குகிற வரை தாங்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறான். அடுத்த அலையில் எல்லாம் சிதறி, ஒற்றைக் கட்டையில் குதிரை ஏறுவதுபோல் ஏறிக்கொண்ட பிறகுதான் முக்காட்டைக் கட்டுகிறான். போசைடன் அதைப் பார்த்துவிட்டு, தேரைத் தட்டி வீட்டுக்குப் போய்விடுகிறான்.

சரி, அதுவரைக்கும் எனக்கு அவன்மேல் வருத்தமில்லை. ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் இன்னொரு காவியமான இலியட்டிலேயே அவன் கதையில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ராஜா லவோமெடானுக்காக ட்ராய் நகரத்து மதிலைக் கட்டிக் கொடுத்தவன், கூலி கேட்டால் காதை அறுப்பேன் என்று விரட்டப்பட்டவன். ஸியூஸ் ஆள் அனுப்பி அதட்டும்போது, 'நாங்கள் மூன்று அண்ணன் தம்பிகளும் சீட்டுப் போட்டுத்தான் பங்கு பிரித்தோம், எனக்குக் கடல், அவனுக்கு வானம், பூமி பொது' என்று தூது வந்த ஐரிஸிடம் கேட்பவன். பங்காளிக் கோபம், கூலிப் பாக்கிக் கோபம். ட்ராய்மேல் அத்தனை வெறுப்பிருந்தும் அந்தப் பக்கத்து வீரன் ஈனியஸைக் காப்பாற்றுகிறான், அதுவும் அவன்தான்.

ஆனால் பதின்மூன்றாம் காண்டம் என்னை உலுக்கிவிட்டது முரளி. ஃபேயேசியர்கள் யார்? கரை ஒதுங்கியவனுக்குச் சோறு போட்டு, பரிசு கொடுத்து, தூங்குகிறவனை எழுப்பாமல் அவன் ஊரான இதாக்கா மணலில் இறக்கி வைத்துவிட்டுப் போனவர்கள். அவர்கள் ராஜா அல்கினோஸ் போசைடனுக்குச் சொந்தப் பேரன். மகன் விருந்தாளியைத் தின்றான், அவனுக்காக அப்பன் பழிவாங்கக் கிளம்பினான். பேரன் விருந்தாளிக்குச் சோறு போட்டான், அவன் ஊர்க் கப்பலைத் தாத்தா கல்லாக்கினான். திரும்பி வரும் கப்பல் துறைமுகத்தை நெருங்கும்போது உள்ளங்கையால் ஓர் அடி, அவ்வளவுதான், கடலடியில் வேரோடிய பாறை. கரையில் நிற்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அந்த யோசனையைச் சொல்லிக் கொடுத்ததே ஸியூஸ்! விருந்தாளிகளுக்குக் காவல்தெய்வம் என்று பெயர் வாங்கியவன். கூட்டத்தில் போசைடனை எதிர்த்து முடிவெடுத்தபோது இருந்த தைரியம் அப்போது எங்கே போயிற்று? போசைடன் அடுத்து ஊரைச் சுற்றி மலையை வைத்து மூடாமல் இருக்க வேண்டுமே என்று ஃபேயேசியர்கள் 12 காளைகளைப் பலி கொடுக்கிறார்கள். பலிபீடத்தைச் சுற்றி நின்று வேண்டுகிறார்கள், அடுத்த நொடி ஹோமர் கதையை இதாக்காவில் கண் விழிக்கும் ஒடிசியஸிடம் திருப்பிவிடுகிறார். அந்த ஊர் என்ன ஆயிற்று என்று கடைசி வரை சொல்லவே இல்லை. எனக்கு அதற்கப்புறம் வந்த வில் போட்டியும் பழிவாங்கலும் மனசில் ஒட்டவில்லை, அந்த நல்ல மனுஷர்களையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே போசைடனோடு ஒடிசியஸ் சமாதானம் ஆவதற்கு டைரீசியஸ் என்கிற தீர்க்கதரிசி வழி சொல்லியிருக்கிறார்: தோளில் துடுப்போடு உள்நாட்டுக்குள் நட, கடலையே அறியாத, சோற்றில் உப்புப் போடாத ஜனங்களிடம் போ, எவனாவது அதைத் தானியம் தூற்றும் பலகை என்று நினைத்துக் கேட்டால் அங்கேயே நட்டுப் பலி கொடு. ஆக, செய்தவனுக்குப் பிராயச்சித்தம் இருக்கிறது. ஃபேயேசியர்களுக்கு?

உன் கட்சி என்ன, எழுது. போன் பண்ணாதே, போனில் நீ என்னைப் பேசவிட மாட்டாய். நெட்டையனுக்கும் ஒரு வரி போட்டுவிடு, இல்லாவிட்டால் அவன் என்னைத்தான் பிடுங்குவான்.

அன்புடன்,
கணேசன்