525 மடங்கு என்று சொல்லும் பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் சிறுவர் தொலைநோக்கி விளம்பரம் ஒன்றைப் பார்த்தேன். ‘525 மடங்கு பெரிதாகக் காட்டும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதே எண் அச்சிட்ட பெட்டி ஒன்று எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் ஒரு வருடமாகத் தூசி பிடித்துக் கிடக்கிறது.

பேத்தி புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்ததற்கு, அவளுடைய மாமா லண்டனிலிருந்து அனுப்பிய காசில் வாங்கிய பரிசு அது. முன்கண்ணாடியின் விட்டம் 60 மில்லிமீற்றர். மில்லிமீற்றருக்கு இரண்டு மடங்கு என்று கணக்கு வைத்தால் 120 தான் எல்லை. அதற்கு மேல் உருவம் பெருக்குமே தவிரத் துலங்காது. முக்காலியோ மூச்சு விட்டாலே ஆடியது. சந்திரனைத் தேடிப் பிடிப்பதற்குள் அது நகர்ந்துவிடும். மூன்றாம் நாள், “எனக்கு இது வேண்டாம் அம்மப்பா” என்றாள் பிள்ளை. சூரியனைப் பார்க்கவென்று கண்வில்லையில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்றும் பெட்டிக்குள் இருந்தது. குவிந்து விழும் வெயிலின் சூட்டில் அது வெடிக்கக்கூடும். வெடித்தால் கண் போய்விடும். சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டேன். வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அப்படியே செய்யுங்கள்.

பிறகு கைகொடுத்தது, கப்பலில் வேலை செய்த என் மச்சானின் பழைய பைனாகுலர். 7×50 என்று பொறித்திருக்கிறது: ஏழு மடங்கு, 50 மில்லிமீற்றர் வாய். ஏழு என்றதும் பேத்தி உதட்டைப் பிதுக்கினாள். முற்றத்தில் சாய்மனைக் கதிரையைப் போட்டு, முழங்கை இரண்டையும் அதன் கைகளில் ஊன்றச் சொன்னேன். வியாழனுக்குப் பக்கத்தில் மூன்று பொட்டுகள். கொப்பியில் வரைந்துகொண்டாள். மறுநாள் பொட்டுகள் இடம் மாறியிருந்தன, நான்காவதும் வந்திருந்தது. இவை வியாழனின் சந்திரன்கள், 1610 இல் கலிலியோ கண்டதும் இவற்றையேதான் என்றேன். “அவரும் கொப்பியில் வரைந்தாரா?” என்று கேட்டாள். வெறும் கண்ணுக்கு ஆறாகத் தெரியும் ஆறாமீன் நட்சத்திரக் கூட்டம், இதில் சிந்திய உப்பாகத் தெரிகிறது.

திருகோணமலைக்காரருக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. துருவ வெள்ளி எங்களுக்கு அடிவானத்திலிருந்து எட்டரைப் பாகை உயரத்தில்தான் நிற்கிறது. ஆனால் தெற்கு வானம் தாராளமாகத் திறந்திருக்கிறது. மே மாதம் இரவு ஒன்பது மணிபோல் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும்போது, அதற்கு இடப்பக்கம் மேலே பைனாகுலரைத் திருப்பினால் பஞ்சுத் துகள்போல் ஒன்று அகப்படும். ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள் திரண்ட ஒமேகா சென்டாரி அது. லண்டனிலுள்ள மகனுக்கு அது ஒருபோதும் அடிவானத்துக்கு மேல் வராது. தொலைபேசியில் இதைச் சொல்லிக் காட்டாமல் விட என்னால் முடியவில்லை. கடற்கரை விடுதிகளின் விளக்குகள்தான் இப்போது கொஞ்சம் தொல்லை. அரை மணி நேரம் இருட்டில் இருந்து கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பைனாகுலர் வாங்குவோர் ஏழு, எட்டு, மிஞ்சினால் பத்து மடங்கோடு நில்லுங்கள். அதற்கு மேல் கை நடுக்கமும் சேர்ந்து பெருக்கும். கடை வாசலில் நின்று தூரத்து அன்டெனாக் கம்பி ஒன்றைப் பாருங்கள். கம்பி இரண்டாகத் தெரிந்தால் மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
உப்புவெளி, திருகோணமலை