பிடிக்காவிட்டாலும் கவனிக்கலாம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை இரண்டே வரியில் முடித்துவிட்டு, உன் எடையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய்!

காலையில் எடை ஒரு கிலோ கூடியிருந்ததால் நாள் முழுவதும் மனம் சரியில்லை என்கிறாய். ஒரே இரவில் ஒரு கிலோ கொழுப்பு சேராதடி. முந்தின நாள் உப்பு சற்றுக் கூடினாலே உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதவிடாய்க்கு முன்பும் அப்படித்தான்.

நீ மிரளும் அந்த பி.எம்.ஐ. கணக்கு, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு, பெல்ஜியத்தின் அடோல்ஃப் கெட்லே 1830களில் ‘சராசரி மனிதனை’த் தேடிப் போட்டது. அவர் மருத்துவர்கூட இல்லை. வானியலும் புள்ளியியலும் படித்தவர். தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது. மருத்துவருக்கு அது ஒரு குறிப்பு, அவ்வளவே. 1972-ல் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தவர் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ்.

அதே கீஸ் 1944-45-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தினார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள் ஆறு மாதம் அரை வயிற்றுடன் இருந்தார்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு, சிடுசிடுப்பு, சோர்வு. சிலர் சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள், தட்டை நக்கினார்கள். சோதனை முடிந்து வயிறாரச் சாப்பிட்ட பிறகும் பலருக்குப் பசி அடங்கவில்லை. இரவில் சமையலறையில் போய் நிற்கிறேன், எனக்கு மன உறுதியே கிடையாது என்று எழுதியிருக்கிறாயே, பகலெல்லாம் பட்டினி போட்டால் எந்த உடம்பும் அங்கேதான் போய் நிற்கும். அத்துடன் தூக்கமும் குறைந்தால் பசி இன்னும் கூடும். புது டயட்டைத் தொடங்குமுன் ஒழுங்காகத் தூங்கு.

கண்ணாடி முன் நின்று ‘நான் அழகு’ என்று தினமும் சொல்லிப் பார் என்று யாரோ யோசனை சொன்னார்களாமே. சொல்லிப் பார்த்து அழுகை வந்ததாக எழுதியிருக்கிறாய். வராமல் என்ன செய்யும்? உடம்பு பிடித்துப்போன பிறகுதான் அதைக் கவனிக்க வேண்டும் என்று யார் சொன்னது? அவ்வளவாக ஒட்டாத சொந்தக்காரருக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து எடுத்துக் கொடுக்கிறோம், இல்லையா? பிடித்தம் பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

நான் வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்கிப் பழகுகிறேன். சிரிக்காதே. வயது ஏற ஏறத் தசை கரைகிறது. முழங்காலைத் தாங்க அதுதான் வேண்டும். மற்ற நாட்களில் நடை. வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைத் தாண்டி நான் பேராசைப்படுவதில்லை. இளைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று பூட்டி வைத்திருந்த துணிகளையும் கொடுத்துவிட்டேன். அலமாரியில் தாராளமாக இடம் இருக்கிறது, வேறென்ன!

ஒன்றே ஒன்றுதான் எனக்குக் கோபம். எடையைப் பற்றித் திட்டுவார்களோ என்று பயந்து மார்பகப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு வருகிறாயே, அது சரியில்லை. திட்டுகிற மருத்துவரை மாற்றிக்கொள்ளலாம்; பரிசோதனையை விடக் கூடாது. இந்த வாரமே நேரம் வாங்கு. தேதியைச் சொன்னால் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன், சேர்ந்தே போவோம்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி