துணைக்கோளத்தில் பேசும் முன் காதுகொடுத்துக் கேட்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாம் வானொலி எனப்படும் அமெச்சூர் வானொலியில் நம் இளையர்கள் சிலர் ஆர்வம் காட்டுவதையும், அவர்களில் பலர் உரிமம் கைக்கு வந்த வாரத்திலேயே துணைக்கோளத்தின் வழியாகப் பேசிப் பார்க்கத் துடிப்பதையும் கண்டு மகிழ்கிறேன். அந்த ஆர்வத்துக்கு அணைபோடுவது என் நோக்கமன்று. ஆனால், கருவி வாங்குவதிலும் தேர்வுக்குப் படிப்பதிலும் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட, ஒரு துணைக்கோளத்தை முன்பின் தெரியாத பலரோடு எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதில் நாங்கள் காட்டுவதில்லை. நானும் அப்படித் தொடங்கியவன்தான் என்பதால், என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, என் புளோக்குக்குப் பக்கத்திலுள்ள பலமாடி கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில், பிளாஸ்டிக் குழாயில் இரும்பு அளவுநாடாவின் துண்டுகளைப் பொருத்தி நானே செய்த ஆன்டெனாவுடன் நின்றிருந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்த மூதாட்டி ஒருவர், “வீட்டுல டிவி சரியா தெரியலையா தம்பி?” என்று கேட்டுவிட்டுப் போனார். இந்தோனீசியாவின் ஐஓ-86 துணைக்கோளம் மேற்கே தொடுவானத்துக்கு மேல் வரும் நேரம் அது. கைப்பேசிச் செயலி காட்டிய நிமிடம் வந்தது. என் வானொலியில் சத்தமே இல்லை. வரும் குரலை வாங்கி மறுபடியும் அனுப்பும் கருவியான ரிப்பீட்டரில் ஆளே இல்லை போலும் என்று எண்ணி, என்னை அடையாளம் காட்டும் எழுத்துகளும் எண்ணும் கொண்ட அழைப்புக்குறியை ஐந்தாறு முறை சொல்லி அழைத்தேன். பதில் வரவில்லை. ஜோகூர் பாருவில் இருக்கும் நண்பர் அன்றிரவு தமது ஒலிப்பதிவை அனுப்பியபோதுதான் உண்மை விளங்கியது. துணைக்கோளம் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சை என் கருவியில் நான் மூடியே வைத்திருந்ததால், எனக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை. சுமத்ராவின் மேற்குக் கரையிலிருந்து மெலிந்த குரலில் ஒருவர் தம் அழைப்புக்குறியின் முதல் இரண்டு எழுத்துகளைச் சொல்வார். மூன்றாவது எழுத்தின்மேல் என் குரல் ஏறி உட்காரும். அந்தப் பதிவு முழுவதும் இப்படியே இருந்தது. கடைசியில் அவர் அழைப்பதையே நிறுத்திவிட்டார்.

இது ஏதோ கெட்ட நேரம் அன்று. கருவியின் இயல்பே அப்படித்தான். ஐஓ-86, எஸ்ஓ-50 போன்ற எஃப்எம் துணைக்கோளங்கள் வானில் பறக்கும் ஒற்றை ரிப்பீட்டர்கள். ஐஓ-86 துணைக்கோளத்தை எடுத்துக்கொண்டால், 145.880 மெகாஹெர்ட்ஸில் ரிப்பீட்டரைத் திறக்கும் 88.5 ஹெர்ட்ஸ் தொனியுடன் நாம் அனுப்பும் குரலை அது 435.880 மெகாஹெர்ட்ஸில் திருப்பி அனுப்புகிறது. ஒரு நேரத்தில் ஒரு குரலுக்குத்தான் அதில் இடம். இருவர் ஒன்றாகப் பேசினால், வலுவான அலை மெலிந்த அலையை விழுங்கிவிடும். இரண்டும் சம வலுவாக இருந்தால் யாருக்கும் புரியாத கீச்சொலிதான் மிஞ்சும். 2015 செப்டம்பர் 28ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ராக்கெட்டில் சென்ற இத்துணைக்கோளம், நிலநடுக்கோட்டுக்கு வெறும் 6 பாகை சாய்வில், ஏறத்தாழ 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அதனால், நிலநடுக்கோட்டுக்கு மிக அருகிலுள்ள சிங்கப்பூரை அது நாளொன்றுக்குச் சுமார் 14 முறை கடக்கிறது. உலகின் பல நாட்டு ஹாம்களுக்கு வாய்க்காத பேறு இது. எனினும் ஒவ்வொரு முறையும் நமக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள்தான். அந்த நிமிடங்கள் ஏறத்தாழ 5,500 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள், தீவுகளிலும் நகரங்களிலும் ஆன்டெனாவை ஏந்தி நிற்கும் எல்லாருக்கும் பொதுவானவை. ரிப்பீட்டர் எல்லா நேரமும் இயங்குவதுமில்லை என்பதால், அது இயங்கும் வேளையில் நெரிசல் இன்னும் கூடும்.

ஆகவே எங்கள் பொழுதுபோக்கின் முதல் விதி, காதில் விழாத துணைக்கோளத்துக்கு அனுப்பக்கூடாது என்பதே. கேட்பது என்பது சும்மா இருப்பதன்று, அதற்கும் பழக்கம் வேண்டும். ஸ்குவெல்ச்சை முழுவதும் திறந்துவிட்டு, முதலில் அந்த இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். துணைக்கோளத்தின் அலை வந்து சேரும்போது இரைச்சல் மெல்ல அடங்குவதே அதன் வருகைக்கு அடையாளம். டாப்ளர் விளைவால், துணைக்கோளம் நம்மை நோக்கி வரும்போது கீழே வந்து சேரும் அலையின் அதிர்வெண் ஏறத்தாழ 9 கிலோஹெர்ட்ஸ் வரை உயர்ந்தும், விலகிச் செல்லும்போது அதே அளவு தாழ்ந்தும் கேட்கும். எனவே 435.890இல் தொடங்கி 435.870 வரை படிப்படியாக இறக்கிக்கொண்டே வர வேண்டும். கேட்பதற்கு ஒரு கருவி, அனுப்புவதற்கு இன்னொன்று என்று வைத்துக்கொண்டு, காதில் இயர்ஃபோனையும் மாட்டிக்கொண்டால், நம் குரல் மேலே போய்த் திரும்பி வருவதை நாமே கேட்கலாம். மற்றவரின் பேச்சுக்குக் குறுக்கே போகிறோமா என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது கருவிக்கு ஆகும் செலவை நான் இரண்டு ஆண்டுகள் வீண்செலவு என்றே நினைத்திருந்தேன்.

அடுத்தது, பேச்சின் அளவு. அழைப்புக்குறி, உலக வரைபடத்தைப் பிரித்த கட்டங்களில் நாம் இருக்கும் கட்டத்தின் குறி, ஒரு நன்றி: இவ்வளவு போதும். இருபது நொடியில் முடிந்துவிடும். புதுப்புதுக் கட்டங்களோடு பேசிச் சேர்ப்பதில்தான் பலருக்கு ஆர்வம். சிங்கப்பூர்த் தீவு ஏறத்தாழ முழுவதும் ஓஜே-11 என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுவதால், நம்மோடு ஒருமுறை பேசியவருக்கு மறுநாளும் அதே கட்டம் தேவைப்படுவதில்லை. நேற்றுப் பேசியவரையே இன்றும் அழைத்துக்கொண்டிருப்பதைவிட, புதிதாக வந்த குரலுக்கு வழிவிடுவது நல்லது. நம்மவர்களுக்கு இதில் தனியான ஒரு சபலமும் உண்டு. துணைக்கோளம் வங்காள விரிகுடாவின் பக்கம் இருக்கும் சில நிமிடங்களில் சென்னையும் கொழும்பும் சிங்கப்பூரும் ஒரே வட்டத்துக்குள் வந்துவிடும். கடல் கடந்து ஒரு தமிழ்க் குரல் கேட்டால் யாருக்குத்தான் பேச்சை நீட்டத் தோன்றாது? வணக்கம் சொல்லுங்கள், பொங்கல் வாழ்த்தும் சொல்லுங்கள். சாப்பிட்டாயிற்றா, மழை உண்டா, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பவற்றுக்கெல்லாம் வாட்ஸ்அப் இருக்கிறது.

அனுப்பும் ஆற்றல் பற்றியும் சொல்லியாக வேண்டும். எஃப்எம் துணைக்கோளத்துக்கு 5 வாட் கைக்கருவியும், குறிபார்த்துப் பிடித்த நல்ல ஆன்டெனாவுமே போதுமானவை. எட்டவில்லை என்றால் குறை பெரும்பாலும் கேட்கும் பக்கத்தில்தான் இருக்கும். பலர் ஒரே நேரத்தில் பேசக்கூடிய லீனியர் டிரான்ஸ்பாண்டர் வகையில் இது இன்னும் முக்கியம். 1974 நவம்பர் 15ஆம் தேதி ஏவப்பட்ட ஏஓ-7 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் மின்கலங்கள் பழுதாகி 1981இல் ஓய்ந்துபோன அத்துணைக்கோளம், 21 ஆண்டுகள் கழித்து, 2002 ஜூன் மாதத்தில் திடீரென மீண்டும் பேசத் தொடங்கியது. உள்ளே குறுக்குச் சுற்றாகிக் கிடந்த மின்கலத் தொடர் எங்கோ அறுந்து விலகியதால், சூரியத் தகடுகளின் மின்சாரம் நேரே கருவிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். வெயில் படும்போது அது உயிரோடு இருக்கும். பூமியின் நிழலுக்குள் போனால் அணைந்துவிடும். சேமித்து வைத்த மின்சாரம் இல்லாத அந்த முதிய துணைக்கோளத்தின்மீது ஒருவர் நூறு வாட்டைக் கொட்டினால், இருக்கும் ஆற்றல் முழுவதையும் அவருடைய அலையே உறிஞ்சிக்கொள்ளும். மற்ற எல்லாருடைய குரலும் தேயும், நடுங்கும். திரும்பி வரும் நம் குரல் துணைக்கோளம் தானாக அனுப்பும் அடையாள அலையான பீக்கனைவிட வலுவாகக் கேட்டால், ஆற்றலைக் குறைப்பதே முறை. லீனியர் டிரான்ஸ்பாண்டர் வகைத் துணைக்கோளத்துக்கு எஃப்எம் முறையில் அனுப்பவே கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா என்று தயங்குகிறேன், ஆனாலும் அதையும் கேட்டிருக்கிறேன்.

அனைத்துலக விண்வெளி நிலையத்தில் உள்ள ரிப்பீட்டருக்கும் இவையே பொருந்தும். அங்குள்ள விண்வெளி வீரர்கள் ஏதேனும் ஒரு நாட்டுப் பள்ளி மாணவர்களோடு பேசும் நேரத்தில், 145.800 மெகாஹெர்ட்ஸில் அவர்களுடைய பதில்களைக் கேட்டு மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓராண்டாகக் காத்திருந்த ஒரு பிள்ளையின் கேள்வியை நம் “ஹலோ” அழித்துவிடக்கூடாது. சட்டத்தைப் பொறுத்தவரை, தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் இன்றி அனுப்பக்கூடாது, வணிகப் பேச்சோ மறைகுறிச் செய்தியோ கூடாது என்பதை உரிமத் தேர்வு எழுதியவர்கள் அறிவார்கள்.

சமூக மன்றங்களிலும் பள்ளிகளிலும் இத்துறையை அறிமுகப்படுத்தும் தன்னார்வலர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. முதல் நான்கைந்து முறை துணைக்கோளம் கடக்கும்போது, மாணவர்களின் கையில் கேட்கும் கருவியையும் குறிப்பேட்டையும் மட்டும் கொடுங்கள். யார் யாரை அழைத்தார், எந்த நொடியில் குரல் மங்கியது, யார் யாருக்கு வழிவிட்டார் என்று அவர்களே எழுதட்டும். எழுதியதைப் பக்கத்திலுள்ளவரின் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒலிவாங்கியை அதன்பிறகு கொடுக்கலாம். விருப்பமுள்ள குழுவினருக்கு என் தவற்றைக் காட்டும் அந்த ஜோகூர் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டவும் நான் அணியமாக இருக்கிறேன், நண்பரும் இசைந்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு ஹாம் வானொலி ஆர்வலர்,
சிங்கப்பூர்.