ஜெயிப்பது உறுதியென்றால் கேட்பாரில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

2024 மக்களவைத் தேர்தலில் மும்பை வடமேற்கில் வெற்றி வித்தியாசம் 48 ஓட்டு. இந்தூரில் 11 லட்சத்துக்கும் மேல். தலைவர்கள் எங்கே ஓடோடி வருவார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? 1989 முதல் பா.ஜ.க. வசமுள்ள இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நாளில் மனுவை வாபஸ் பெற, நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு விழுந்தது. சூரத் வாக்காளர்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. போட்டியின்றித் தேர்வு, வாக்குப்பதிவே நடக்கவில்லை. நோட்டா முதலிடம் பிடித்தாலும் அடுத்து வந்தவரே வென்றவர் என்பதால் கட்சிகளுக்கு அதனால் பயமில்லை.

பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 95 லட்சம். கட்சியின் செலவுக்கோ வரம்பே கிடையாது. அங்கீகாரம் பெற்ற கட்சியின் 40 நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவும் வேட்பாளர் கணக்கில் ஏறாது. ஆக, பணமும் ஹெலிகாப்டரும் இழுபறித் தொகுதிக்கே போகும்.

தொகுதிக்குள்ளும் இதே கதைதான். சாவடிவாரியான முடிவுப் பட்டியலான படிவம் 20-ஐப் பார்த்தால் எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று தெரிந்துவிடும். ‘நம்ம பூத்’, ‘தேறாத பூத்’ என்று பிரித்து, இரண்டுக்கும் ரோடு போடாமல் விடலாம்! 14 வாக்குப்பதிவு இயந்திரங்களின் ஓட்டுகளைச் சேர்த்து எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே பரிந்துரைத்தது. 2015-இல் சட்ட ஆணையமும் ஆதரித்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தால் பூத் கணக்கு மறையும். கோட்டைத் தொகுதி மீதான அலட்சியம் அப்படியேதான் இருக்கும். அதற்கு, வாங்கிய ஓட்டு விகிதப்படி கட்சிகளுக்கு இடம் தரும் விகிதாச்சார முறையைப் பற்றித்தான் பேசியாக வேண்டும்.

— ஒரு வாசகர், மதுரை