வாரம் பெர்சி என்ற ஊருக்கு ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்கள்

வட இங்கிலாந்துத் தமிழ்ச் சங்கங்களின் சுற்றுலாக் குழுவினருக்கு,

வணக்கம். கோடைச் சுற்றுலாவுக்கு நீங்கள் இடம் பார்க்கத் தொடங்கும் நேரம் இது. யார்க் மின்ஸ்டர், விட்பி அபே, ஃபவுண்டன்ஸ் அபே என்று வழக்கமான பெயர்கள்தான் மறுபடியும் வரும். அவற்றில் எதையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவையெல்லாம் பேராயர்களும் பெரிய மடங்களும் கட்டியவை. ஏர் பிடித்தவனும் ஆடு மேய்த்தவனும் ஞாயிற்றுக்கிழமை போய் நின்ற கோயில் எப்படி இருந்தது என்று நம் பிள்ளைகளுக்குக் காட்டியதே இல்லை. அதற்காகத்தான் ஒரே ஒரு இடத்தைச் சிபாரிசு செய்து இந்த மடலை எழுதுகிறேன்: யார்க்‌ஷயர் வோல்ட்ஸ் குன்றுகளுக்குள், மால்டன் பக்கம் இருக்கும் வாரம் பெர்சி (Wharram Percy). அங்கே கூரை போன நிலையில் நிற்கும் புனித மார்ட்டின் தேவாலயம்.

முதலில் ஊரைப் பற்றி. 1086ஆம் ஆண்டில் அரசர் எடுத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே பதிவேட்டிலேயே இடம்பெற்ற ஊர் இது. அந்தப் பழைய ஊரின் வீடு ஒன்றுகூட இப்போது மிச்சமில்லை. புல்வெளியில் மேடும் பள்ளமுமாக வீட்டு மனைகளின் தடம் மட்டும் தெரியும். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது இன்னும் நன்றாகத் தெரியும். 1348–49இல் வந்த கொள்ளைநோயில் ஊரே செத்துப்போனது என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அது சரியில்லை. நோய் ஆட்களைக் குறைத்தது உண்மைதான். ஆனாலும் அதற்குப் பிறகு ஊர் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஓடியிருக்கிறது. கடைசி அடி கொடுத்தது ஆடு. கூலியாள் கிடைப்பது கஷ்டம், கம்பளிக்கோ நல்ல விலை. 1500ஐ ஒட்டி, எஞ்சியிருந்த சில குடும்பங்களையும் நிலக்காரர் கிளப்பிவிட்டு நிலத்தை மேய்ச்சலுக்கு விட்டார். இங்கிலாந்தில் இப்படிக் காலியான ஊர்கள் சுமார் 3,000 என்கிறார்கள்.

ஊர் போன பிறகும் கோயில் போகவில்லை. அதுதான் இந்த இடத்தின் விசேஷம். விட்பியும் ஃபவுண்டன்ஸும் எட்டாம் ஹென்றியின் ஆணையால் 1539இல் மூடப்பட்டவை. ராஜா சொன்னார், முடிந்தது. புனித மார்ட்டின் தேவாலயத்தில் 1949 வரை வழிபாடு நடந்தது. இதே பங்கைச் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரத்தை) சேர்ந்த திக்ஸன்டேல் ஊர்க்காரர்களுக்கு 1870 வரை சொந்தக் கோயில் கிடையாது. குன்று ஏறி இறங்கி, ஊரே இல்லாத இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்துதான் கும்பிட்டுப் போனார்கள். அங்கே தனிக் கோயில் கட்டியதும் இங்கே கூட்டம் கரைந்தது. வழிபாடு நின்ற சில ஆண்டுகளில் கூரையின் ஈயத்தைத் திருடர்கள் உரித்துக்கொண்டு போனார்கள். 1959இல் மணிக்கோபுரத்தின் ஒரு பாதி சரிந்தது. மீதிப் பாதி, கத்தியால் நறுக்கிய வாழைத்தண்டு மாதிரி, உள்ளே இருப்பதைக் காட்டிக்கொண்டு இன்னும் நிற்கிறது.

போனால் அந்தக் கோபுரத்தைப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். நடுக்கூடத்தின் நீளச் சுவர் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். முதல் பார்வைக்கு வெறும் கல் சுவர். கண் பழகியதும் அதற்குள் புதைந்த தூண்கள் தெரியும். தூணுக்குத் தூண் வளைவு தெரியும். வளைவுகளுக்கு நடுவே பிற்காலத்தில் கல் வைத்து அடைத்திருப்பதும், அந்த அடைப்பில் சன்னல் வைத்திருப்பதும் தெரியும். ஒரு காலத்தில் அது சுவரே இல்லை. வளைவுகளின் வழியாக அந்தப் பக்கம் போனால் பக்கக்கூடம் இருந்தது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் சனம் பெருகியது, கோயிலில் இடம் போதவில்லை. சுவரை உடைத்து வளைவு வைத்து, இரண்டு பக்கமும் கூடம் எடுத்தார்கள். பின்னால் சனம் குறைந்தது. அவ்வளவு பெரிய கூரையைப் பராமரிக்க யாரிடம் காசு? பக்கக்கூடங்களை இடித்துவிட்டு வளைவுகளை அடைத்தார்கள். பலிபீடப் பகுதியையும் பிறகு சுருக்கினார்கள். ஊரின் மக்கள்தொகை கூடிக் குறைந்த கதை அந்த ஒரு சுவரிலேயே இருக்கிறது. எந்த அபேயிலும் இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் கண்டுபிடித்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் பொருளாதார வரலாற்று அறிஞர் மாரிஸ் பெரஸ்ஃபோர்ட். 1950இல் தோண்டத் தொடங்கினார். தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட் சேர்ந்துகொள்ள, தொண்டர்களை வைத்துக் கோடை தவறாமல் 1990 வரை தோண்டினார்கள். கோயிலின் தரைக்கு அடியில் அதைவிடச் சின்னக் கோயில், அதற்கும் அடியில் மரத்தால் கட்டிய ஒன்றின் தடயம் என்று அடுக்கடுக்காகக் கிடைத்தது.

அப்புறம் கல்லறைத் தோட்டம். ஏறக்குறைய 700 பேரின் எலும்புக்கூடுகளை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். தாய்மார்கள் சுமார் ஒன்றரை வயது வரை பால் கொடுத்திருக்கிறார்கள் என்பதை எலும்பின் வேதியியலிலிருந்தே சொல்கிறார்கள். அந்த ஊரில் 14 வயதுப் பிள்ளையின் உயரம் இந்தக் காலத்து 10 வயதுப் பிள்ளையின் உயரம்தான். உங்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி இதைச் சொல்லிப் பாருங்கள். ஒருவருக்கு மண்டையோட்டைத் திறந்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். ஆள் பிழைத்திருக்கிறார், எலும்பு ஆறிய அடையாளம் இருக்கிறது.

பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் சொல்ல ஒரு சங்கதி உண்டு. கல்லறைத் தோட்டத்தில் இல்லாமல், வீடுகள் இருந்த பகுதியில் ஒரு குழியில் 137 எலும்புத் துண்டுகள் கிடைத்தன. குறைந்தது பத்துப் பேருடையவை, 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரைக்குள் வாழ்ந்தவர்கள். வெட்டி, உடைத்து, எரித்திருக்கிறார்கள். பஞ்சத்தில் மனித மாமிசம் தின்றார்களோ என்றால், வெட்டுகள் சதைப்பற்றான இடத்தில் இல்லை. தலை, கழுத்துப் பக்கம் குவிந்திருக்கின்றன. செத்தவர் எழுந்து நடக்கக் கூடாது என்று செய்த காரியமாக இருக்கலாம் என்று 2017இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. வெளியூர்க்காரர்களைத்தான் இப்படிச் செய்தார்களா என்று, வளர்ந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் பல்லை ஆராய்ந்தால், அவர்கள் சுற்றுவட்டாரத்து ஆட்கள். கோயில் நிழலில் வாழ்ந்தவர்களுக்கும் பேய் பயம் போகவில்லை போலிருக்கிறது.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். பழைய சின்னங்களைக் காக்கும் இங்லிஷ் ஹெரிடேஜ் அமைப்பின் பராமரிப்பில் இந்த இடம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. கடை, கழிப்பறை எதுவும் இல்லை. மால்டனிலேயே எல்லாம் முடித்துக்கொண்டு கிளம்புங்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து முக்கால் மைல் நடக்க வேண்டும். போகும்போது இறக்கம் என்பதால் எல்லோரும் சந்தோஷமாகப் போவார்கள்; திரும்பும்போது முனகுவார்கள். மழை பெய்திருந்தால் சேறு. சக்கர நாற்காலிக்கும் முட்டிவலிக்காரர்களுக்கும் ஏற்ற வழி இல்லை என்பதை அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். வழியில் மாடுகள் மேயும். நாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளைச் சுவரில் ஏற விடக் கூடாது. கோயிலுக்குக் கீழே குளம் ஒன்று இருக்கிறது, அங்கேயும் ஒரு கண் வேண்டும். ஒரே பேருந்தில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகும் திட்டம் இதற்குச் சரிப்படாது. கார்களில் சிறு குழுவாகப் போவதுதான் நல்லது.

ஜூனில் ஒரு சனிக்கிழமையைச் சொல்லுங்கள். சுவரைக் காட்டி விளக்க நான் வருகிறேன். சாப்பாட்டுப் பொறுப்பை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள்.

அன்புடன்,
யார்க்‌ஷயரிலிருந்து உங்கள் உறுப்பினர் ஒருவர்