முன்பதிவுப் பணத்தைத் திருப்பித் தருவது தொடர்பாக

வாடிக்கையாளர் தொடர்பு முகாமையாளர் அவர்களுக்கு,

நுவரெலியாவில் நீங்கள் கட்டி விற்றுக்கொண்டிருக்கும் சொகுசுத் தொடர்மாடியைக் கடந்த மாதம் நானும் மனைவியும் வந்து பார்த்தோம். மூன்றாம் மாடியில், பின்பக்கம் உள்ள இரண்டு அறை வீட்டுக்கு முன்பதிவாக 5 இலட்சம் ரூபாய் கட்டினோம். அந்தப் பணம் எங்களுக்குத் திரும்ப வேண்டும். உங்கள் அலுவலகத்தில் தொலைபேசியை எடுப்பவர் ஒவ்வொரு தடவையும் வேறு ஆளாக இருக்கிறார். ஆகவே கதையை முதலிலிருந்து எழுதியே அனுப்பிவிடுகிறேன்.

நான் தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்களுக்கெல்லாம் வேலை இருக்கும் வரை தோட்டத்துக் குவாட்டர்ஸ். வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். தலை நரைத்த பிறகுதான் சொந்த வீடு தேடத் தொடங்குவோம். ஊழியர் சேமலாப நிதியில் வந்ததையும் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியதையும் சேர்த்துக்கொண்டு உங்களிடம் வந்தோம். மனைவிக்கு முழங்கால் வருத்தம். லிப்ட் இருக்கும், கடை கண்ணி பக்கம், படி ஏறி இறங்கத் தேவையில்லை என்பதுதான் எங்கள் கணக்கு. சொகுசு எங்களுக்கு இரண்டாம் பட்சம்.

வரவேற்பறையில் நன்றாகத்தான் கவனித்தார்கள். (நுவரெலியாவில் வீடு பார்க்க வந்தவனுக்கு மெஷின் கோப்பி கொடுத்ததை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. சரி, அது போகட்டும்.) உங்கள் விற்பனை அதிகாரி மரியாதையான பிள்ளை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரை வேலையை விட்டுத் தூக்குவதற்காக இதை எழுதவும் இல்லை. ஏழாம் மாடியில் உள்ள மாதிரி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிரகரி வாவி, பிதுருதலாகலை, அன்றைக்கென்று பார்த்து மூடுபனியும் இல்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லாத வீடு. “தம்பி, இந்தக் கட்டடத்துக்குக் கீழே என்ன மண்? மலையை எவ்வளவு வெட்டியிருக்கிறீர்கள்?” என்று கேட்டேன். “சேர், முதல்ல இந்த வியூவைப் பாருங்களேன்” என்றார். மறுபடி கேட்டேன். பால்கனிக் கதவைத் திறந்து காட்டினார்.

எங்கள் காசுக்கு வரும் வீடு அது இல்லை. அதைப் பார்க்க நாங்கள்தான் கேட்க வேண்டியிருந்தது. மூன்றாம் மாடி, பின்பக்கம். அந்த வீட்டின் ஜன்னலைத் திறந்தால் எதிரே, மலைமண் சரியாமல் தாங்க எழுப்பிய கொங்கிறீட் தடுப்புச் சுவர். குடைக்கம்பை நீட்டினால் தொடலாம். வெளிச்சம் குறைவு என்பது இரண்டாவது விஷயம். நான் பார்த்தது அந்தச் சுவரை.

மலையை வெட்டிக் கட்டும் இப்படியான தடுப்புச் சுவர்களில் பொதுவாக வரிசை வரிசையாகக் குழாய்த் துளைகள் விட்டிருப்பார்கள். சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறும் தண்ணீர் அதன் வழியாக வெளியே வடியும். வடிய விடாவிட்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும், மண் கனக்கும், அந்தப் பாரமெல்லாம் சுவரின் முதுகில் ஏறும். உங்கள் சுவரில் துளைகள் இருக்கின்றன. ஆனால் கீழ் இரண்டு வரிசையையும் சீமெந்து வைத்து அடைத்து, மேலே வெள்ளைப் பெயின்ட் பூசியிருக்கிறீர்கள். அடைத்த இடம் ஒவ்வொன்றைச் சுற்றியும் ரொட்டி அளவில் பெயின்ட் ஊதிப்போய், நடுவில் மஞ்சள் கறை இறங்கியிருந்தது. ஜன்னலால் எட்டிக் குடைக்கம்பால் அமுக்கினேன், பெயின்ட் தோலாக உரிந்து வந்தது, உள்ளே ஈரம். ஏன் அடைத்தீர்கள் என்று கேட்டதற்கு, “கறை ஒழுகுது சேர், பார்க்க வாறவங்களுக்கு அசிங்கமா இருக்கு” என்றார் அந்தத் தம்பி. உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கறை ஒழுகத்தான் வேண்டும். ஒழுகினால்தான் சுவர் வேலை செய்கிறது.

சுவருக்கு மேலே பழைய தேயிலை. கவ்வாத்து வெட்டாமல் மரமாக வளர்ந்து கிடக்கிறது. மழைத்தண்ணீர் ஓடச் சரிவுக்குக் குறுக்கே வெட்டிய கான்கள் மண் நிரம்பி, அதில் புல் முளைத்து, எது கான் எது நிலம் என்று தெரியவில்லை. தோட்டத்தில் மழைக்காலத்துக்கு முன்னால் கான் துப்புரவாக்காத டிவிஷனைப் பற்றித் துரையிடம் நான் வாங்கிய ஏச்சுக்கு அளவில்லை. கான் அடைபட்டால் மேலே விழும் மழை முழுவதும் சரிவுக்குள்ளே இறங்கும். அந்த மேல் நிலம் உங்கள் காணியா, பக்கத்துக் காணியா? யார் கான் வெட்டுவது? இதற்கும் பதில் இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். மலையகத்தில் மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களில் கட்டடம் எழுப்புவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை எடுக்க வேண்டும். இரண்டு அறை கட்டுகிற ஏழைகூட ‘என்பிஆர்ஓ ரிப்போர்ட்’ என்று சொல்லும் இந்த அறிக்கை இல்லாமல் பிளான் பாஸ் பண்ண முடியாமல் அலைகிறான். அது வெறும் ஆம், இல்லை என்று முத்திரை குத்திய கடதாசி இல்லை. எவ்வளவு வெட்டலாம், எங்கே தடுப்புச் சுவர், தண்ணீரை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று நிபந்தனைகள் எழுதியிருப்பார்கள். அந்த நிபந்தனைகளைத்தான் நான் பார்க்கக் கேட்டேன். “அப்ரூவல் எல்லாம் இருக்கு சேர், கொழும்பு ஹெட் ஒபிஸ்ல இருக்கு. இந்தக் கிழமைக்குள்ள அனுப்புறேன். உங்களுக்குத் திருப்தி இல்லாட்டி காசைத் திருப்பித் தருவோம், இப்ப ரிசேர்வ் பண்ணாட்டி வேற ஆள் எடுத்துடுவாங்க” என்றார். அதையே வட்ஸ்அப்பிலும் எழுதித் தந்தார். அந்த எழுத்தை நம்பித்தான் பணம் கட்டினோம். அதன் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

கிழமை போனது. வந்தது அறிக்கை இல்லை, வாவிப் படம் போட்ட விளம்பரப் புத்தகம். அதில் 1,868 மீற்றர் உயரத்தில் முகில்களோடு வாழலாம் என்று எழுதியிருக்கிறது. மறுபடி கேட்டதற்கு, அறிக்கை நிறுவனத்தின் உள் ஆவணம், வாங்குகிறவர்களுக்குக் காட்டும் வழக்கம் இல்லை என்று ஒருவர். எங்கள் பொறியியலாளர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், பயப்படாதீர்கள் என்று இன்னொருவர். கடைசியாக வந்த மின்னஞ்சலில், முன்பதிவுப் பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று படிவத்தின் பின்பக்கத்தைச் சுட்டிக்காட்டியிருக்கிறீர்கள்.

பயப்படாதீர்கள் என்று சொல்லுவது சுலபம். 2020 செப்டெம்பரில் கண்டி பூவெலிகடையில் ஐந்து மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து, ஒரு கைக்குழந்தையும் அதன் பெற்றோரும் இறந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்து என்று பல வருடங்களுக்கு முன்பே இதே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எழுத்தில் எச்சரிக்கை இருந்தும், அங்கே படுத்து எழும்பிய சனங்கள் அங்கேயேதான் இருந்தார்கள். அறிக்கை இருக்கிறது, ஆனால் கொழும்பில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லும்போது எங்கள் ஆட்களுக்கு வேறு என்ன ஞாபகம் வரும்? போன 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலுக்கு நுவரெலியா, கண்டி, பதுளைப் பக்கம் எத்தனை மலை இறங்கியது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மழையில் உங்கள் கட்டடத்துக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை என்றார்கள். அங்கேயே வேலை செய்யும் ஒருவர் தனியாக, “கீழ வாகனம் நிப்பாட்டுற தட்டுல முழங்கால் தண்ணி நின்னுச்சுங்க ஐயா, மோட்டர் வச்சுத்தான் எறைச்சோம்” என்றார். யார் என்று கேட்டு எனக்கு எழுத வேண்டாம், சொல்ல மாட்டேன். அது உண்மையா இல்லையா என்பதை மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்று. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டப்படி கூரை, படிக்கட்டு, லிப்ட் போன்றவை எல்லா உரிமையாளர்களுக்கும் பொது. வீடுகளை விற்று முடித்ததும் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். பராமரிப்பு உரிமையாளர்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் தலையில். அந்தத் தடுப்புச் சுவரும் பொதுப் பகுதிக்குள் வருகிறதா? வருகிறது என்றால், நீங்கள் பெயின்ட் அடித்து மூடிய துளைகளைத் திறப்பதிலிருந்து, நாளைக்குச் சுவர் வெடித்தால் அதைக் கட்டுவது வரை எங்கள் செலவு. வரவில்லை என்றால், எங்கள் படுக்கையறைக்கு எதிரே நிற்கும் சுவருக்கு யார் பொறுப்பு? எது தனி வீடு, எது பொது என்று காட்டும் கூட்டாதன (தொடர்மாடி) வரைபடத்தைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதையும் காட்டவில்லை. உறுதி எப்போது எங்கள் பெயருக்கு எழுதப்படும் என்பதற்கும் “எல்லாம் முடிஞ்ச பிறகு” என்பதுதான் பதில்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சதுர அடிக் கணக்கில் பால்கனியையும் சேர்த்திருக்கிறீர்கள். அளவு நாடாவை எடுத்ததும் அந்தத் தம்பியே ஒப்புக்கொண்டார். அலுமாரிக்குப் பின்னால், குளியலறைச் சுவரோரம், இன்னும் யாரும் குடிவராத வீட்டில் பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்திருக்கிறது. நெருப்புப் பிடித்தால் இறங்குவதற்கான படிக்கட்டில் டைல் பெட்டிகளும் பெயின்ட் வாளிகளும் இருந்தன. மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரில் லிப்ட் ஓடுமா என்பதற்கு மாடிக்கொரு பதில் கிடைத்தது. பால்கனியில் உடுப்புக் காயப்போடக் கூடாது என்று விதியாம். “அப்போ எங்க தம்பி காயப்போடுறது?” என்று மனைவி கேட்டதற்குச் சிரித்துவிட்டு, டிரையர் வாங்கலாம் என்றார். நுவரெலியாவில் மழைக்காலத்தில் ஒரு சேலை காய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரியாதவர்கள்தான் இந்த வீட்டை வரைந்திருக்கிறார்கள் என்பது மனைவியின் முடிவு. இவையெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடியவை, இதற்காக மட்டும் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்க மாட்டேன்.

படிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் ஆட்கள் அதிகமாக வாழும் மாவட்டத்தில் வீடு விற்கிறீர்கள். பணம் வாங்கும் படிவம் முழுக்க ஆங்கிலத்தில், அதுவும் திருப்பித் தரமாட்டோம் என்ற வரி பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில். வாயால் சொன்னதும் வட்ஸ்அப்பில் எழுதியதும் ஒன்று, படிவத்தில் இருப்பது அதற்கு நேர் எதிர். வியாபாரத்தில் வாங்குகிறவரைத் தவறாக வழிநடத்துவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது. நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் எங்கள் சட்டத்தரணி அந்த வட்ஸ்அப் செய்தியைப் பார்த்துவிட்டார்.

ஆகவே 5 இலட்சம் ரூபாயையும் இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள், எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு, கழிவு எதுவும் இல்லாமல் அனுப்பிவையுங்கள். நிர்வாகச் செலவு, ஆவணச் செலவு என்று எதையும் வெட்ட வேண்டாம். எங்களுக்கு எந்த ஆவணமும் நீங்கள் தரவில்லை. பணம் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபைக்கும் இதே கடிதம் இணைப்புகளோடு போகும்.

பணம் வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் துளைகளைத் திறந்துவிடுங்கள். அந்த வரிசையில் முன்பதிவு செய்த மற்ற வீட்டுக்காரர்களுக்கு அறிக்கையின் நிபந்தனைப் பக்கங்களையாவது காட்டுங்கள். முன்பக்கத்தில் ஒரு வீடு குறைந்த விலைக்கு மாற்றித் தரலாம் என்று நேற்று ஒருவர் தொலைபேசியில் பேசினார். வேண்டாம். முன்பக்கமும் அதே மலையில்தான் இருக்கிறது.

பதிலைத் தொலைபேசியில் சொல்லாமல் எழுத்தில், தமிழில் அனுப்பவும்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி, பின்பக்க வீட்டுக்கு முன்பதிவு செய்தவர்

இணைப்புகள்: பணம் கட்டிய பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் செய்தியின் பிரதி, தடுப்புச் சுவரின் படங்கள்